கூரைக்கு அளந்து கொடுத்த ஃபோம்

2018 நவம்பரில் கஜா புயல் ஒரத்தநாட்டுப் பக்கம் பிய்த்தெறிந்த கீற்றுக் கூரைகள் பல, பிறகு தகர ஷீட்டாக மாறின. சித்திரை வெயிலில் அதற்குள் உட்கார முடியாது. என் கட்சிக்காரர் உள்ளூர்க் கடையில் வெள்ளை பாலித்தீன் ஃபோம் ரோல் வாங்கி, ஷீட்டுக்கு அடியில் பசை போட்டு ஒட்டினார். ஒருநாள் விறகடுப்புப் பொறி மேலே பட்டது. ஃபோம் எரிந்துகொண்டே சொட்டியதில் அவருடைய தாயாரின் முன்கை வெந்துபோனது.

வழக்கு தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. “டிவி பெட்டிக்குள் வைப்பதும் இதே சரக்குதான், இதில் என்ன குறை?” என்று கேட்டார் கடைக்காரரின் வக்கீல். லேசில் தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல. நுண்ணறைகளில் காற்றை அடைத்து வைத்திருக்கும் ஃபோம் அது. அடி தாங்கும், தண்ணீர் குடிக்காது. தலையாட்டி பொம்மையை வெளியூருக்கு அனுப்ப அருமையான பொருள். கட்டடத்திலும் மரத்தளப் பலகைக்கு அடியில் விரிக்கலாம், கான்கிரீட் இணைப்பு இடைவெளியில் சீலன்ட்டுக்கு அடியில் திணிக்கலாம். கூரைக்கு வருவது அலுமினியத் தாள் ஒட்டி, தீ பரவாமலிருக்க ரசாயனம் சேர்த்த ரகம். ஷீட்டிலிருந்து இறங்கும் வெப்பக் கதிரை மட்டுப்படுத்துவது அந்தத் தாள்தான். வெறும் பேக்கிங் ஃபோமோ 110 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும்.

நான் பிடித்துக்கொண்டது 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவை. இன்ன காரியத்துக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருந்தாக வேண்டும். ஆனால் கூரைக்கென்று சொன்னதற்குச் சாட்சி? பில்லில் ‘ஃபோம் ரோல்’ என்று மட்டும் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஊதா மையில் ஒரு கூரைப் படம், இரண்டு சரிவுக்கும் நீள அகலம், ஓரத்தில் ‘அடுப்படி’ என்று ஒரு கட்டம். கடைக்காரரின் கையெழுத்து. குறுக்கு விசாரணையில் அவர் மறுக்கவில்லை.

பரணில் மிச்சமிருந்த துண்டை ஆணையமே முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. தீத்தடுப்பு எதுவும் சேர்க்கப்படவில்லை என்று அறிக்கை வந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல் நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டதை என் வாதத்தில் சொன்னேன். அந்த மாவட்டத்தில் வியாபாரம் செய்கிறவர் அடுப்படியைப் படத்தில் குறித்துவிட்டு இந்த ரோலைக் கொடுத்திருக்கக் கூடாது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஃபோமின் விலை, வைத்தியச் செலவு, இழப்பீடு மூன்றையும் தரச் சொல்லி உத்தரவானது. கேட்டதில் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் இருந்தும் கடைக்காரர் போகவில்லை.