இருண்ட திரை

பங்காருபாளையத்திலிருந்து எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் மழையைப் பற்றியும் மாங்காய் விலையைப் பற்றியுமே இருக்கும். 2022ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் ஓரிரவு வந்த அழைப்போ கணினியைப் பற்றியது. "தம்பி, பாட்டு வருகிறது; படம் வரவில்லை" என்றார் அப்பா. அவர் எங்களுள் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார், இருவருக்கும் அப்பாதான். அவர் சொன்ன அந்தச் சிறு சொற்றொடரிலேயே நோயும் இருந்தது, மருந்தும் இருந்தது. அதைக் காதில் வாங்கியும் கருத்தில் வாங்காமற் போனோம். அதனால் நேரவிருந்த இழப்பை நினைத்தால் இன்றும் நெஞ்சு திடுக்கிடுகின்றது. முதியோரை ஊரில் விட்டுவிட்டுக் கடல் கடந்து வந்திருக்கும் நம்மவர் பலருக்கும் இத்தகைய அழைப்பு என்றேனும் வரக்கூடும் என்பதால் இதனை எழுதலானோம்.

எங்கள் ஊர் சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், மொகிலிக் கணவாய்க்கு இப்பால் உள்ளது. கோடையில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய வண்டிகள் சந்தை முற்றத்தில் அணிவகுத்து நிற்கும். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் முன்பு இப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. ஆதலால் தெருவில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வாழ்வது எங்கள் குடும்பத்துக்குப் பழகிய ஒன்று. அடுத்த வீட்டுப் பிள்ளை தெலுங்கில் கேட்பான். அப்பா தமிழில் விடை சொல்வார். இருவருக்கும் அதில் இடர்ப்பாடு இருந்ததே இல்லை.

அந்தக் கணினியை 2010இல் நாங்கள் வாங்கினோம். சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது அப்பா அம்மா இருவரும் எங்கள் முகம் பார்த்துப் பேசுவதற்கென்று அதைக் கூடத்தில் அமைத்துவிட்டு வந்தோம். 2017இல் அம்மா மறைந்தார். அவருடைய படங்கள், குழந்தைகளுக்கு அவர் கதை சொன்ன ஒளிப்பதிவுகள் ஆகிய அனைத்தும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. படி எடுத்து வைக்கவேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறையிலும் பேசினோம். பேசியதோடு சரி.

அப்பா அழைத்த இரவில் எங்களுக்கு மணி பதினொன்று, அவருக்கு எட்டரை. உறக்கக் கலக்கத்தில், "பின்னாலுள்ள கேபிள் தளர்ந்திருக்கும், இறுக்கிப் பாருங்கள்" என்றோம். அந்த அறிவுரையில் பிழையில்லை. திரை இருண்டால் முதலில் ஐயுறவேண்டியது இணைப்புகளையே. சுவரிலுள்ள சுவிட்சு, திரைக்குச் செல்லும் மின்கம்பி, பெட்டியிலிருந்து திரைக்கு வரும் நீலத்தலைக் கேபிள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று, பெருக்கும்போது விளக்குமாறு பட்டே நெகிழ்ந்துவிடும். அப்பா இறுக்கிப் பார்த்தார், பயனில்லை. "கடையிலிருந்து யாரையேனும் அழைத்துக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு உறங்கப் போனோம்.

மறுநாள் வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்தாராம். உள்ளிருப்பவற்றை முற்றும் அழித்துப் புதிதாக ஏற்றினாலன்றிச் சரியாகாது என்றும், அடுத்த நாள் வந்து பெட்டியை எடுத்துச் செல்வதாகவும் கூறிச் சென்றாராம். அப்பா இதை அறிவித்தபோது நாங்கள் இருவரும் அலுவலகத்தில் இருந்தோம். "சரி, செய்யச் சொல்லுங்கள்" என்று விடையிறுத்துவிட்டோம்! அப்பா சற்றே தயங்கி, "அழித்தால் உன் அம்மாவின் படங்கள் என்னாகும்?" என்று கேட்டார். அப்போதும் "பிறகு பேசுகிறோம்" என்றே சொன்னோம்.

இரவு வீடு திரும்பிய பின்னரே அக்கேள்வி எங்களைச் சுட்டது. பாட்டு வருகிறது என்றால், கணினி தொடக்கம் முதல் இறுதிவரை தன் வேலையைச் செய்து முடித்து, வழக்கமான வரவேற்பு இசையையும் எழுப்புகின்றது என்பதன்றோ பொருள்? அவ்வாறாயின் பெட்டி நலமாகவே உள்ளது. நலமாக உள்ள பெட்டியை எதற்காகத் துடைக்கவேண்டும்? போதாக்குறைக்கு, இரண்டு வாரங்களுக்கு முன்பே அப்பா "திரை ஒரு நொடி மின்னிவிட்டு மறைகிறது" என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. அதையும் முதுமையின் குறைகூறல் என்று கருதித் தள்ளியிருந்தோம். சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றார்; கேட்டவர்களுக்குத்தான் செவியில்லை.

அங்கே பொழுது புலரும்வரை காத்திருந்து அழைத்தோம். அடுத்த வீட்டுப் பிள்ளையையும் வரச் சொன்னோம். முதலில் விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்தச் செய்தோம். அதற்குரிய சிறு விளக்கு ஏறியும் இறங்கியும் காட்டிற்று, பெட்டி உயிரோடிருக்கின்றது. திரையின் அடியிலுள்ள விளக்கு என்ன நிறம் என்று கேட்டோம். பச்சை என்றான். ஆரஞ்சு நிறமாயிருந்தால் பெட்டியிலிருந்து செய்தி வந்து சேரவில்லை என்று கொண்டிருப்போம். பச்சையாதலின் செய்தியும் வருகின்றது. ஆகவே, படம் திரைக்கு வந்துவிட்டது. அதைக் காட்டும் ஒளிதான் இல்லை.

இவ்விடத்தில் சிறிது விளக்கம் வேண்டும். முற்காலத்துப் பருத்த திரைகளில் படமே ஒளியாயிருந்தது. தட்டைத் திரையோ வேறு வகை. 1888இல் ரெய்னிட்சர் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலறிஞர், கேரட்டிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை ஆராய்கையில், உருகியும் படிகத்தின் இயல்பை இழவாத ஒரு நிலையைக் கண்டார். நீர்மப் படிகம் என வழங்கும் அத்தகைய பொருளே இத்திரைகளில் உள்ளது. அது தானே ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து வரும் ஒளியைத் தடுத்தும் விடுத்தும் படம் காட்டுகின்றது. எங்கள் திரையின் காலத்தில் அந்தப் பின்னொளியைத் தந்தவை பென்சிலினும் மெல்லிய குழல்விளக்குகள். விளக்கு அணைந்தால் படம் இருந்தும் இல்லாததாகின்றது.

"அப்பா, கூடத்துச் சன்னல்களைச் சாத்துங்கள். டார்ச் லைட்டைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள்" என்றோம். தொலைபேசியில் சன்னல் சாத்தும் ஒலி கேட்டது. டார்ச்சின் பொத்தானை அழுத்தும் ஒலியும் கேட்டது. நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பின்பு அந்தப் பிள்ளைதான் முதலில், "தாத்தா, அவ்வா!" என்று கூவினான். திரையின் முகப்பில், தோட்டத்து மாமரத்தடியில் அம்மா நிற்கும் படத்தை அப்பா வைத்திருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரிய வந்தது. அப்பா தொலைபேசியை வாங்கி, "தெரிகிறாள், மங்கலாகத் தெரிகிறாள்" என்றார். மேற்கொண்டு அவர் பேசவில்லை. எங்களாலும் பேச இயலவில்லை.

கடைக்காரர் வந்தபோது அப்பா அவரை வாயிலிலேயே வணங்கி அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளை கல்லூரியிலிருந்து வேறொரு திரையை இரவல் வாங்கி வந்து பெட்டியில் இணைத்தான். யாவும் முன்போலத் தெரிந்தன. பழைய திரையைச் சித்தூரில் பழுது நீக்குபவர் ஒருவரிடம் கொடுத்தார்கள். விளக்குக்கு மின்சாரம் தரும் பகுதியில், கடைத்தெருவில் கண்டென்சர் என்று வழங்கும் மின்தேக்கிகள் இரண்டு தலை உப்பிப் போயிருந்தனவாம். அவற்றை மாற்றியதும் திரை ஒளிர்ந்தது. செலவு சில நூறு ரூபாய். இந்தப் பணியை மட்டும் வீட்டில் எவரும் செய்யத் துணியலாகாது. மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் திரையின் உட்பகுதியில் மின்சாரம் தேங்கி நின்று தாக்கும். விசையை அழுத்துவதும் கேபிளை இறுக்குவதும் டார்ச் அடித்துப் பார்ப்பதும் நம் வேலை. மூடியைக் கழற்றுவது அறிந்தவர் வேலை.

அவ்வாரமே அந்தப் பிள்ளை படங்கள் அனைத்தையும் இரண்டு பெண்டிரைவில் படி எடுத்தான். ஒன்று ஊரில் நிலப்பத்திரங்களுடன் பீரோவில் இருக்கின்றது. மற்றொன்று மார்கழியில் நாங்கள் ஊர் சென்றபோது எங்கள் கைக்கு வந்தது. அன்றிரவு கூடத்தில் எல்லாரும் அமர்ந்து அம்மா கதை சொல்லும் ஒளிப்பதிவைப் பார்த்தோம். திரையின் ஒளி ஒரு மூலையில் சற்றுக் குறைவு என்று அப்பா குறை சொன்னார். இம்முறை எழுந்து சென்று அந்த மூலையைப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மைதான்.