கியர்ப் பெட்டிக்கு எந்த எண்ணெய்?

நம்மவர் இல்லங்களில் எண்ணெய் என்றால் ஒரே எண்ணெய் அன்று. தலை முழுகவும் உளுத்தங்களி கிண்டவும் நல்லெண்ணெய், பொரியலுக்குத் தேங்காயெண்ணெய், புண்ணுக்கும் பூச்சிக்கும் வேப்பெண்ணெய். எதற்கு எதை எடுப்பது என்பதை ஏழு வயதுச் சிறுமியும் அறிவாள். ஆயினும், அதே வீட்டு முற்றத்தில் நிற்கும் மோட்டார் காரின் கியர்ப் பெட்டிக்கு எந்த எண்ணெய் என்று வினவினால், வீட்டுத் தலைவரும் “சிவப்பு எண்ணெய்தான்” என்று கூறி அமைந்துவிடுவார். அந்த விடை போதாது என்பதை எடுத்துரைக்கவே இன்று எழுதப் புகுந்தோம்.

இன்று நம் நாட்டு வீதிகளில் ஓடும் யப்பானியக் கார்களுட் பெரும்பாலானவை தானாகவே கியர் மாற்றுவன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1940 ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ‘ஹைட்ராமற்றிக்’ என்னும் பெட்டியைப் பொருத்தி விற்றதோடு இவ்வசதி பொதுமக்கள் கைக்கு வந்தது. கையால் கியர் மாற்றும் காரில் கியர் எண்ணெய்க்கு உள்ள முதல் வேலை, பற்சக்கரங்கள் தேயாமற் காப்பதே. தானியங்கிப் பெட்டியிலோ எண்ணெய் வேலையாள் அன்று. அதுவே பாதி இயந்திரம் எனலாம்.

அது எவ்வாறெனக் காண்போம். எண்ணெய் நிறைந்த கூடொன்றினுள் இரு விசிறிகள் எதிரெதிரே நிற்கின்றன. எஞ்சின் ஒன்றைச் சுழற்ற, அது தள்ளும் எண்ணெய் மற்றதைச் சுழற்றுகின்றது. இவ்வாறு எஞ்சினின் வலு எண்ணெய் வழியாகவே சில்லுகளை நோக்கிச் செல்கின்றது. கியரை மாற்றும் தட்டுகளை அழுத்துவதும் எண்ணெயின் அமுக்கமே. பெட்டியின் வெப்பத்தை வெளியே கொண்டு செல்வதும் அதுவே. இவற்றினும் அரிய பணி ஒன்றுண்டு. அந்த உராய்வுத் தட்டுகள் எண்ணெயிலே தோய்ந்து கிடக்கின்றன. அவை ஒன்றையொன்று பற்றும்போது, வெடுக்கென்று பற்றினாற் கார் உதறும். பற்றாது வழுக்கினால் தட்டுகள் கருகும். வழுக்கவும் வேண்டும், பற்றவும் வேண்டும் என்னும் இவ்விரு முரண்பட்ட குணங்களையும் அளவாகச் சேர்த்து அமைப்பதே எண்ணெய் செய்வோரின் கலை.

இக்கலை எத்துணை நுட்பமானது என்பதற்கு ஒரு வரலாறுண்டு. முற்காலத்து அமெரிக்கக் கியர் எண்ணெய்களில் அவ்வளவைச் சரிசெய்யச் சேர்க்கப்பட்ட பொருள் திமிங்கிலத்தின் எண்ணெயாகும். திமிங்கில இனம் அழியும் நிலையை அடைந்தமையால், 1970களின் தொடக்கத்தில் அந்நாடு அவ்வெண்ணெயைத் தடைசெய்தது. அதற்கு மாற்றாகச் சேர்க்கப்பட்ட பொருள்களோடு வந்த முதல் எண்ணெய்களுள் ஒன்று, எண்ணெயைக் குளிரச் செய்யும் கருவியின் பற்றாசை அரித்தது. அதனை மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று. பேரளவு எண்ணெயிற் கலக்கும் சிற்றளவுப் பொருள் மாறினும் விளைவு மாறுகின்றது என்பதை இதனால் உணரலாம்.

நமது யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை ஏற்றுக்கொள்வது சற்றுக் கடினமே. 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்பொழுது நம் கராஜ்காரர்கள் மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ-40ஐயும் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட வைத்தனர். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவை அக்கார்களே. “இல்லாததை வைத்து இயலச் செய்வோம்” என்னும் அத்திறமையை நாம் இன்றும் பெருமையுடன் நினைக்கின்றோம். ஆனால் அதே துணிவு தானியங்கிக் கியர்ப் பெட்டியிடம் செல்லாது.

இதனை எமக்குச் சொன்னவர், அக்காலத்தில் மண்ணெண்ணெய்க் கார்களைப் பழுதுபார்த்த முதியவர் ஒருவரே. எமது கார் 2003 ஆம் ஆண்டு யப்பானிற் செய்யப்பட்ட ரொயோட்டா கொரோலா. அதன் எண்ணெயை மாற்ற எண்ணிக் கடையில் விசாரித்தபோது, எல்லாக் கார்களுக்கும் ஏற்றது என்று எழுதப்பட்ட மலிவான போத்தலொன்றை எடுத்து நீட்டினார்கள். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் ஏறிய விலைவாசியில், அந்த விலை வேறுபாடு சிறிதன்று. முதியவரிடம் அபிப்பிராயம் கேட்டோம்.

“தம்பி, அந்தக் காலத்து எஞ்சினுக்கு எதைக் குடுத்தாலும் இருமி இருமி எண்டாலும் ஓடும். இது அப்பிடியில்லை. இதிலை என்ரை கைவித்தை செல்லாது. அளவுகோலிலை எழுதிக் கிடக்கிறதை வாசியும், அதை வாங்கிக்கொண்டு வாரும்” என்றார்.

எண்ணெய் பார்க்கும் அக்கோலை உருவித் துடைத்துப் பார்த்தோம். ‘ரைப் ரி-ஐவி’ என்று பொறிக்கப்பட்டிருந்தது. அதனையே வாங்கினோம்.

புதிதாக வந்தது எப்பொழுதும் பழையதினும் நன்று என்று எண்ணுதலும் பொருந்தாது. ஹொண்டா நிறுவனம் தன் பழைய இசட்-1 எண்ணெய்க்குப் பதிலாக டி.டபிள்யூ-1ஐ ஊற்றலாம் என அறிவித்துள்ளது. ரொயோட்டாவின் பிந்திய எண்ணெயாகிய டபிள்யூ.எஸ். என்பதோ, ரி-ஐவியிலும் மெல்லியது. ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றுதல் ஆகாது. ஆகவே காலத்தாற் பிந்தியது என்பதன்று, பெட்டியைச் செய்தவர் சொன்னது என்பதே அளவுகோல்.

இன்னொரு பேதத்தையும் அறிதல் அவசியம். சி.வி.ரி. எனப்படும் பெட்டியில் படிப்படியான கியர்கள் இல்லை. இரு கப்பிகளிடையே உருக்குப் பட்டியொன்று ஓடுகின்றது. அங்கே உருக்கும் உருக்கும் வழுக்காமற் பற்றுதல் வேண்டும். அதற்கு வேறு எண்ணெய். எமது ஒன்றுவிட்ட தமையனார் ஒருவரின் ஹொண்டா பிட் கார் அத்தகையது, எச்.எம்.எம்.எவ். என்னும் தனி எண்ணெயைக் கேட்பது. பெயர் கூற விரும்பாத ஓரிடத்தில் அதற்குச் சாதாரணச் சிவப்பு எண்ணெயை ஊற்றிவிட்டனர். சில வாரங்களின் பின் குடும்பத்தோடு கண்டிக்குச் சென்று, அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகையில், றம்பொடை வளைவுகளில் எஞ்சின் இரைந்தது, கார் ஏறவில்லை. பிள்ளைகளும் தாயாரும் மழையில் வீதியோரம் நின்றனர். ஈற்றில் பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. சிவப்பு என்பது ஒழுக்கைக் கண்டறிவதற்காகக் கலக்கும் சாயமேயன்றி, குணத்தைக் காட்டும் அடையாளம் அன்று என்பதை அவர்கள் பெருஞ்செலவிற் கற்றனர்.

2020 மார்ச்சு முதல் 2025 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை தனியார் கார்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு பழைய காரும் வீட்டுக்கு வாய்த்த காணித்துண்டு போல அருமையாயிற்று. வாங்கும் விலை இன்றும் எளிதன்று. ஆகவே உள்ளதைக் காப்பதே விவேகம். அதற்கு நாம் கூறுவன சிலவே.

காரின் கைநூலைப் பாருங்கள். யப்பானிய மொழியில் இருப்பின், எண்ணெயின் பெயர் மட்டும் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே காணப்படும். அளவுகோல் இருந்தால் அதனை வாசியுங்கள். இல்லையேல், காரின் மாதிரி இலக்கத்தைக் காட்டி விற்பனை முகவரிடம் விசாரியுங்கள். போத்தலில் “ஏற்றது” என்று விற்பவர் எழுதியிருப்பது வேறு. காரைச் செய்தவர் சோதித்து அனுமதித்தது வேறு. ‘டெக்ஸ்ரோன் 3’ என்னும் பெயருக்கு ஜெனரல் மோட்டோர்ஸ் வழங்கிய அனுமதி 2006 ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. எனினும் அப்பெயரைத் தாங்கிய போத்தல்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன.

எண்ணெயை மாற்றவே தேவையில்லை என்போர் கூற்றையும் ஆராய்ந்து பாருங்கள். பெட்டிகளைச் செய்யும் ஜெர்மனிய நிறுவனமாகிய இசட்.எவ்., தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், எண்ணெயை மாற்றுமாறு கூறுகின்றது. அடியிலுள்ள திருகைக் கழற்றினால் எண்ணெய் முழுவதும் வடிவதில்லை. பெரும்பகுதி உள்ளே தங்கிவிடும். ஆதலால் தவறான எண்ணெயை ஒரு முறை ஊற்றினால், ஒரு முறை வடித்து அதனை நீக்கிவிட முடியாது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேலை தருகின்றோம். இந்த ஞாயிறு மாலை தந்தையாரோடு முற்றத்துக்குச் சென்று, உங்கள் காரின் கியர்ப் பெட்டி எவ்வகையானது, எந்த எண்ணெயைக் கேட்பது என்று கண்டறியுங்கள். அதன் பெயரையும், மாற்றிய திகதியையும், அன்று கார் ஓடியிருந்த தூரத்தையும் சிறு கொப்பியொன்றில் எழுதிக் காருக்குள்ளேயே வையுங்கள். அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது அந்தக் கொப்பியும் கூடப் போகட்டும்.