ஏழாம் வசனமும் நான்காம் வசனமும்

பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டினில் நாம் வாழ்ந்து வருகின்றோம். பகலெல்லாம் தொழிற்பேட்டையின் இரைச்சல். வேதத்தைக் கையிலெடுக்க இரவே ஏற்ற காலம். ஆனால் முதுமையால் கண் மங்கிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு பிறந்து ஆலயக் கதவுகளும் அடைபட்டபோது, நம் பேர்த்தி நமது கைப்பேசியில் வேதாகமத்தை ஏற்றித் தந்தாள்.

விரலால் விரித்தால் எழுத்து விரிகின்றது; கேட்க விழைந்தால் ஓதியும் காட்டுகின்றது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழிலே புதிய ஏற்பாட்டை அச்சேற்றி 1715இல் முடித்த காலத்தே, காகிதம் போதாமையால் அச்செழுத்துக்களைச் சிறியனவாக வார்க்க நேர்ந்தது. அன்று சுருங்கிய எழுத்து இன்று நம் கண்ணுக்கு இரங்கி விரிந்ததென்று மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி சோம்பலாயிற்று. நாள்தோறும் திரையில் ஒரு வசனம் தோன்றும், அதனைப் பிறர்க்கு அனுப்புவோம், அதிகாரத்தைப் படிப்பதில்லை.

அந்நாளில் அடுத்த தெருச் சகோதரி ஒருவர் விபத்தில் தம் மகனைப் பறிகொடுத்தார். துக்க வீட்டிற்குச் செல்லவும் இயலவில்லை. ஆறுதல்மொழி தேடியபோது யோபு நூலின் எட்டாம் அதிகாரம் ஏழாம் வசனம் அகப்பட்டது. தொடக்கம் சிறிதாயினும் முடிவு பெரிதாகும் என்னும் கருத்தினது. தமிழ்க் கிறிஸ்தவர் பலர் வீட்டுச் சுவரிலும் நாட்காட்டியிலும் காணப்படுவது. அனுப்பிவிட்டு அமைதியாய் உறங்கினோம்.

மறுநாள் அவ்வம்மையார் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, நீங்கள் அனுப்பியதைத் தொட்டேன், அதிகாரம் முழுதும் திறந்தது. நான்காம் வசனத்தைப் படித்தீர்களா?" என்றார். அவர் குரலில் சினமில்லை. அதுவே நம்மைச் சுட்டது.

திறந்து பார்த்தோம். அங்கே பேசுபவர் கடவுள் அல்லர். யோபின் நண்பர் பில்தாத். ஏழு புதல்வரையும் மூன்று புதல்வியரையும் ஒருங்கே இழந்த தந்தையை நோக்கி, உன் பிள்ளைகள் பாவஞ் செய்தமையாலே அழிந்தனர் என்னும் பொருள்படப் பேசுகின்றார். அப்பேச்சின் தொடர்ச்சியே அவ்வினிய வசனம்! நூலின் முடிவிலோ, இந்நண்பர்கள் தம்மைப்பற்றிச் சரியானதைப் பேசவில்லையென்று கடவுளே சினங்கொள்கின்றார். கடவுள் கடிந்த பேச்சையன்றோ நாம் ஒரு தாய்க்கு ஆறுதலென்று அனுப்பினோம்!

குற்றம் கருவியினதா? அன்று. அவ்வசனத்தைத் தனியே கத்தரித்து நாட்காட்டியில் ஒட்டியது கைப்பேசி அன்று. ஒரே தொடலில் அதிகாரம் முழுவதையும் அச்சகோதரிக்குக் காட்டியதும் அதே கருவிதான். சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், எந்நிலையில் சொன்னார் என்று கேட்கவேண்டிய கடமை நம்முடையது. நாம் கேட்கவில்லை, பிள்ளையை இழந்தவர் கேட்டார்.

கட்டுப்பாடு தளர்ந்ததும் நேரிற் சென்று மன்னிப்பு வேண்டினோம். "இனிச் சேர்ந்து படிப்போம், அண்ணா" என்றார். யோபு நூலை முதலதிகாரத்தினின்று தொடங்கினோம். மலாய் வழிக் கல்வியில் தமிழெழுத்தை மறக்கத் தொடங்கிய பேர்த்தியும், ஒலியைக் கேட்டவாறே திரையில் விரலோட்டி உடன் படித்தாள். எட்டாம் அதிகாரம் வந்த மாலை, நான்காம் வசனத்தைச் சகோதரியே உரக்க வாசித்தார். சற்று நிறுத்தினார், பின் இறுதிவரை வாசித்து முடித்தார்.

அன்பர்களே, துயருற்றார்க்கு ஒரு வசனம் அனுப்புமுன், அதிகாரத்தை முழுதும் படியுங்கள்.