கட்டைக் கட்சியும் கொட்டைக் கட்சியும்

விளையாட்டில் எழும் பூசல் இருவகைப்படும். வெற்றி தோல்வி பற்றி எழுவது ஒன்று. விதிமுறை பற்றி எழுவது மற்றொன்று. முன்னது ஆட்டம் முடிந்ததும் அடங்கிவிடும். பின்னதோ தலைமுறை கடந்தும் அடங்காது. எங்கள் இல்லத்துத் தாயப் பூசல் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதனைப் பற்றி அன்பர்களுக்குச் சில சொல்ல விழைகின்றோம்.

எங்கள் தந்தை வழியினர் நெல்லைச் சீமையிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறி, தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். தாய் வழியினர் பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், வேலந்தாவளத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் கொங்குத் தமிழ் பேசி வாழ்பவர்கள். இரு சாராரும் கேரளத்தில் வாழும் தமிழரே. எனினும் மலைநாட்டுக் குளிர் வேறு, பாலக்காட்டுக் கணவாயின் வெங்காற்று வேறு. இவ்விரு குடும்பங்களையும் இணைத்தது ஒரு திருமணம். பிரித்து வைத்தது தாயம்!

தாயம் ஆடுவதற்கு எங்கள் தாய்வீட்டார் கையாள்வது பித்தளைத் தாயக்கட்டை. நீண்ட கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள். அவற்றில் ஒன்று வெறுமை, மற்றவை ஒன்று, இரண்டு, மூன்று என்னும் புள்ளிகள். இரு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி விடும்போது எழும் கலீர் ஒலியே ஆட்டத்திற்கு அழகு என்பது அவர்கள் கொள்கை.

தந்தை வீட்டார் கையாள்வது புளியங்கொட்டை. ஆறு கொட்டைகளை எடுத்து, ஒரு புறத்தைக் கல்லில் தேய்த்து வெண்மையாக்கிக் கொள்வார்கள். வீசும்போது எத்தனை வெண்முகம் மேலே விழுகிறதோ அத்தனை எண்ணிக்கை. ஆறும் கருமையாக விழுந்தால் பன்னிரண்டு. லயத்து வீட்டில் பித்தளைக்குப் பொருள் ஏது? ஆடி மழையில் வாசற்படி தாண்ட இயலாத மாலைகளில், அடுக்களையில் எஞ்சிய கொட்டையே அவர்களுக்குக் கைகொடுத்தது.

சம்பந்திகள் இருவரும் ஒரு வீட்டில் கூடிவிட்டால் போதும், வழக்குத் தொடங்கிவிடும்.

“புளியைக் கரைத்தோமா, கொட்டையை எறிந்தோமா என்றிருக்க வேண்டும். அதை ஆட்டத்திற்குக் கொண்டு வரலாமா, சம்பந்தி?” என்பார் அம்மிச்சி.

“பன்னிரண்டு என்பது தவம் கிடந்து பெறவேண்டிய வரம். உங்கள் கட்டையில் அது சந்தைக் கத்தரிக்காய் போலல்லவா மலிந்து கிடக்கிறது!” என்று விடையிறுப்பார் அப்பத்தா.

அத்துடன் நிற்குமா? எதிரியின் காய் ஒன்றையேனும் வெட்டிய பின்னரே உட்கட்டத்தில் நுழையலாம் என்பது ஒரு கட்சி. வெட்டாமலும் நுழையலாம் என்பது மறு கட்சி. மலையில் இருக்கும் காயை வெட்டலாகாது என்ற ஒன்றில்தான் இரு கட்சியும் உடன்பட்டன. அதிலும் மலைக் கட்டங்கள் எத்தனை, எவையெவை என்ற வினா எழுந்தால் உடன்பாடு போயிற்று!

அப்பத்தாவின் குற்றச்சாட்டில் உண்மை உண்டா என்று, கல்லூரியில் கணிதம் பயிலும் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி கணக்கிட்டுப் பார்த்தாள். கட்டையின் நான்கு முகமும் சமமாக விழுவதாகவும், கொட்டையின் இரு புறமும் அவ்வாறே விழுவதாகவும் கொண்டால் கிடைக்கும் விடை இது: 64 முறை உருட்டினால் கட்டையில் பன்னிரண்டு சராசரியாக 4 முறை விழும்; கொட்டையில் ஒரே முறைதான். தாயம் கட்டையில் 8, கொட்டையில் 6. மறு ஆட்டம் தரும் எண்களாகிய ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கட்டையில் 24, கொட்டையில் 14. ஆக, கட்டையாட்டம் விரைவுடையது. கொட்டையாட்டம் பொறுமையைச் சோதிப்பது. ஒரே பெயரில் வழங்கும் இரண்டும் உண்மையில் இரு வேறு ஆட்டங்களே என்பது அவள் தீர்ப்பு. தீர்ப்பைக் கேட்ட இரு பாட்டியரும் தத்தம் கட்சியே வென்றதாக மகிழ்ந்தார்கள்!

இத்தகைய பூசல் நமக்கு மட்டும் உரியதன்று. நம் மலையாள அண்டை வீட்டாரிடம் சீட்டாட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நால்வர் 32 சீட்டுகளுடன் ஆடும் ‘இருபத்தெட்டு’ என்பார் சிலர். இரண்டு கட்டுச் சீட்டுகளைக் கலந்து கூட்டமாக அமர்ந்து ஆடும் ‘ஐம்பத்தாறு’ அன்றோ ஆட்டம் என்பார் வேறு சிலர். இரண்டிலும் மன்னனை விட ஜாக்கிக்கே மதிப்பு மிகுதி. கடல் கடந்த யாழ்ப்பாணத் தமிழரோ, அதே இனத்தைச் சேர்ந்த ‘முந்நூற்று நான்கு’ என்னும் ஆட்டத்தைத் தமதெனக் கொண்டாடுவர்.

மேனாட்டிலும் இதே கதைதான். பெங்களூரில் பணிபுரியும் எங்கள் இளைஞன் ஒருவன் சென்ற விடுமுறையில் ஒரு புதுவகை ஆட்டத்தைக் கொண்டுவந்தான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் உருவாக்கி 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவும் மாயவித்தைக்காரனாகவும் வேடம் பூண்டு பேசுவார்கள். செயல் கைகூடுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். 2008-இல் அதன் நான்காம் பதிப்பு விதிகளை வெகுவாக மாற்றியது. பழைய விதிகளில் பற்றுக் கொண்டோருக்கு ஏற்ப, அவற்றைத் தழுவிய ‘பாத்ஃபைண்டர்’ என்னும் ஆட்டம் 2009-இல் எழுந்தது. அன்று முதல் இரு சார்பினரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே ஆடி வருகிறார்களாம்.

இதனை அவன் விளக்கிக் கொண்டே இருபது முகமுடைய பகடை ஒன்றை எடுத்து வைத்தான். அப்பத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இருபது முகமா? இரண்டு முகத்துக் கொட்டைக்கே இங்கு வழக்குத் தீரவில்லையே, தம்பி!” என்றார். வீடே நகைத்தது.

நிற்க. இவற்றை நாங்கள் எழுத வந்த காரணம் வேறு. பொங்கல் விழாவில் தாயப் போட்டி நடத்த வேண்டும் என்றும், பூசல் எழாதிருக்க எல்லோர்க்கும் பொதுவாக ஒரே விதியை அச்சிட்டு வழங்க வேண்டும் என்றும் அன்பர் சிலர் கூறினர். அவர்கள் எண்ணம் நல்லது. போட்டி என்றால் அன்றைக்கு ஒரு விதி வேண்டியதுதான். ஆயினும் அவ்விதி நம் இல்லங்களுக்குள்ளும் புகுந்து ஏனையவற்றை விரட்டிவிடலாகாது என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஏன் என்று கூறுவோம். எல்லைப் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் இருப்பினும், நம் பிள்ளைகளுள் பலர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றனர். வீட்டில் அவர்கள் பேசும் தமிழ் “சோறு வேண்டும்”, “போய் வருகிறேன்” என்ற அளவில் சுருங்கி வருகிறது. பாட்டியின் கேள்விக்குத் தலையசைப்பே விடையாகிறது. ஆனால் தாயக் கட்டம் வரைந்த இடத்தில் அதே பிள்ளைகளைப் பாருங்கள்! காய் வெட்டுப்பட்ட சிறுவன், “அது மலை, அப்பத்தா! வெட்டக் கூடாது! நேற்று நீங்கள்தானே சொன்னீர்கள்!” என்று முழங்குகிறான். வெட்டு, மலை, பழம், தாயம் என்னும் சொற்கள் தாமாக வந்து விழுகின்றன. வாதிட வேண்டுமானால் மொழி வேண்டும். பாட்டியோடு வாதிடத் தமிழ் வேண்டும். தலையசைத்து எவரும் வழக்கில் வென்றதில்லை.

கைப்பேசியில் ஆடும் லூடோ 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் நாடெங்கும் பரவியது. நம் நாட்டுப் பச்சீசியின் வழிவந்து, 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆட்டம் அது. அதனை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் அங்கே விதியைக் கருவியே காக்கிறது, வழக்குக்கு இடமில்லை, ஆகவே பேச்சுக்கும் இடமில்லை. நான்கு பேர் ஒரு திண்ணையில் அமர்ந்து ஓசையின்றி ஆடி முடித்து எழுந்து செல்வதை நாங்களே கண்டிருக்கிறோம்.

மற்றொன்றும் உண்டு. மூணாறு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அக்குளிரில் புளியமரம் செழிப்பதில்லை. அப்பத்தாவின் ஆறு கொட்டைகளும் கீழ்நாட்டுப் புளியோடு மலையேறி வந்தவை. பிறந்த ஊரிலிருந்து வந்தவர்கள் தூக்கிவர இயன்றது சிறிது. அச்சிறிதில் ஊரின் ஆட்ட விதியும் ஒன்று. அதனை விட்டுக்கொடுக்க அவர் மறுத்தது வெறும் பிடிவாதம் அன்று.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டு விதி எதுவென்று முதியோரைக் கேளுங்கள். பிள்ளைகளின் கையால் தமிழில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். விருந்தினர் வந்தால் ஆட்டம் தொடங்குமுன், “இன்று யார் வீட்டு முறை?” என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் கட்டை உருளட்டும். ஒரு நாள் கொட்டை சிதறட்டும். எது சிறந்தது என்னும் வழக்கை மட்டும் தீர்த்துவிடாதீர்கள். அது தீராதிருக்கும் வரை நம் வீட்டில் தமிழ் ஓங்கி ஒலிக்கும்.