காவியும் பேனாக் கோடும்

தேசிய நூலகத்தில் ஆய்வுப்பணிக்காகக் கிடர்பூரில் தங்கியிருந்த மழைக்காலம். தேங்கிய நீரில் நாள்தோறும் நடந்ததில் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் கண்டது, பொருட்படுத்தவில்லை. ஒரு மாலை குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல். காலையில் கணுக்கால் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. மருந்துக்கடையில் ஏதோ களிம்பு தந்தார்கள். பூசிக்கொண்டு நூலகத்திற்கே போனேன் (ஆய்வேட்டின் மீதிருந்த அக்கறை காலின்மீது இல்லை).

மறுநாள் சிவப்பு முழங்காலை நெருங்கியது. மருத்துவமனையில் இளம் மருத்துவர் முதலில் பேனாவால் சிவப்பின் எல்லையைக் கோடிட்டு, அருகில் நேரத்தையும் குறித்தார். செல்லுலைட்டிஸ். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சிலவேளை ஸ்டெஃபிலோகாக்கஸ், தோலின் வெடிப்பு வழியே நுழைந்து ஆழத்தில் பரவுவது. அங்கே களிம்பு எட்டாது. ஊசிவழி ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்கள். பார்வைக்குத் தெரிவதைவிட வலி மிகுந்தாலோ, தோல் கறுத்தாலோ, கொப்புளித்தாலோ, அழுத்துகையில் நறநறத்தாலோ நள்ளிரவானாலும் அழைக்கச் சொன்னார். அவை தசையுறை அழுகுவதன் அறிகுறிகள். அதற்கு மருந்து மட்டும் போதாது, தாமதமின்றி அறுவைச் சிகிச்சை வேண்டும்.

அந்தக் கோட்டைப் பார்த்தபடி கிடந்தபோது பாட்டியின் தம்பி நினைவுக்கு வந்தார். காலில் சிவப்புக் கண்டதும் அக்கி என்று சொல்லி, குயவரிடம் காவியால் எழுதிவந்தார்கள். நான்காம் நாள் காய்ச்சலிலேயே இறந்துபோனார். காவிக்கடியில் சிவப்பு எதுவரை பரவியிருந்ததென்று எவரும் பார்த்திருக்க முடியாது.

எனக்கு முதல் நாள் சிவப்பு கோட்டை விரலளவு தாண்டியது. மருந்து பிடிக்குமுன் அப்படி நேர்வதுண்டாம். மூன்றாம் நாள் கோட்டுக்குள் சுருங்கிவிட்டது. சேற்றுப்புண்ணுக்கான மருந்தை மட்டும் மேலும் சில வாரங்கள் போடச் சொல்லி அனுப்பினார்கள்.