பட்டன் நல்லாத்தான் இருக்கு, டயருக்கு வயசு என்ன?

1/ இங்கிலாந்தில் பழைய கேம்பர் வேன் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இந்த இழை. டாக்டருக்கு டயரில் என்ன வேலைன்னு கேட்கலாம். வெளியே பளபளன்னு, உள்ளே நொந்துபோன கேஸ்களைத் தினமும் பார்க்கிறேன். டயரும் அப்படித்தான்.

2/ எங்க வேன் 2004 மாடல். வருஷத்தில் பத்து மாசம் வாசலில்தான் நிற்கும். டயரில் பட்டன் 7 மி.மீ. இருந்தது. சட்டம் கேட்பது 1.6 தான். ஆனா பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்களைப் பாருங்க. எங்களுடையது 1114. அதாவது 2014-இன் 11-வது வாரத்தில் தயாரானது.

3/ ஓடினால்தானே தேயும்? உண்மை. ஆனா ரப்பர் நின்ன இடத்திலேயே கெடும். ஆக்சிஜன், ஓசோன், வெயில் மூன்றும் அதை இறுக வைக்கும். ரப்பரில் ஒரு பாதுகாப்பு மெழுகு கலந்திருக்கும். டயர் உருண்டு வளையும்போதுதான் அது மேலே நல்லா கசியும். படுத்தே கிடக்கும் நோயாளியின் கால் மாதிரி, அசையலைன்னா சிக்கல்.

4/ 2012 செப்டம்பர். ஏ3 சாலையில் ஹைண்ட்ஹெட் அருகே ஒரு கோச் பஸ்ஸின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு 19 வயசுக்கு மேல். அன்றைக்கு அது சட்டப்படி குற்றமே இல்லை.

5/ இறந்தவர்களில் ஒருவரின் தாய் பிரான்சஸ் மொலாய் பல வருஷம் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பஸ், கோச்சின் முன் அச்சில் 10 வயது தாண்டிய டயருக்குத் தடை. மினிபஸ்ஸின் ஒற்றைச் சக்கரங்களுக்கும்தான். நம்ம சொந்த கேம்பர் இதில் வராது. எம்.ஓ.டி. பாஸ் ஆகிடும். வயசை நாமதான் பார்க்கணும்.

6/ சரி, எதை வாங்குவது? முதலில் எடை. தண்ணி, கேஸ், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றி எடை மேடைக்குப் போங்க. எங்க பின் அச்சு 1,840 கிலோ.

7/ ஒரு கடையில் அதே அளவில் கார் டயர் மலிவா தர்றேன்னாங்க. அதன் சுமைக் குறியீடு 98. ஒரு டயருக்கு 750 கிலோ, ரெண்டுக்கு 1,500. அளவு பொருந்தும், எடை தாங்காது. பின் சீட்டில் ரெண்டு பிள்ளைங்களும் அத்தையும் தூங்குவாங்க. வேண்டாம்னு வந்துட்டோம்.

8/ வாங்கியது 215/70 ஆர்15 சி.பி., குறியீடு 109. ஒன்றுக்கு 1,030 கிலோ. 'சி.பி.' என்றால் கேம்பருக்கென்றே செய்தது. எப்பவும் முழுச் சுமையோடு நிற்பதைத் தாங்கும்படி கட்டுமானம் பலமா இருக்கும். சாதாரண வேன் டயரான 'சி'யும் தப்பில்லை, சுமைக் குறியீடு போதுமானதா இருந்தால். கொஞ்சம் மெத்துன்னு ஓடும். குளிரில் ஸ்காட்லாந்து போறவங்க மலையும் பனித்துளியும் போட்ட குறி இருக்கான்னு பாருங்க.

9/ காற்று. காருக்கு அடிக்கிற 32 இங்கே ஆகாது. எங்க வேனுக்குப் பின்னால் 80 பி.எஸ்.ஐ. உங்க வேன் கையேட்டைப் பாருங்க. குறைந்தால் டயர் சூடாகும், சூடானால் பிரியும். இவ்வளவு அழுத்தத்துக்கு உலோக வால்வு போடச் சொல்லுங்க.

10/ ஸ்டெப்னியை மறக்காதீங்க. பல வேன்களில் அது வண்டியோடவே பிறந்தது!

11/ புது டயர் மாட்டும்போதும் அந்த நாலு எண்ணைப் படிச்சுட்டுக் காசு கொடுங்க. கேரவன்காரர்கள் பொதுவா ஐந்திலிருந்து ஏழு வருஷத்துக்குள் மாற்றச் சொல்வாங்க. இன்னைக்கு ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போய் ஒருமுறை குனிஞ்சு பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.