மச்சானுக்கும் வாசித்துக் காட்டு

அன்புத் தங்கச்சிக்கு,

ஊருக்கு வந்ததும் மகனை எங்கள் பாடசாலையில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். பெருநாள், விழா என்றே பாதி வருசம் போய்விடும், மார்க்கத்தை ஓதப்பள்ளியில் படிக்கட்டும் என்கிறாராம் மச்சான். அவர் சொல்வதில் பாதி சரிதான்.

மீலாதுப் பேச்சுப் போட்டியை எடுத்துக்கொள். வாப்பா எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும், கிண்ணமும் வாங்கும். இறங்கி வந்ததும் "என்ன மகன் சொன்னீங்க?" என்றால் முழிக்கும். கஸீதா படிக்கிற பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் போன கிழமை நடந்த ஹஜ் பயிற்சியை மச்சான் பார்த்திருக்க வேண்டும். மைதானத்தின் நடுவில் மட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கறுப்புத் துணி போர்த்திய கஃபா. தரம் ஒன்றுப் பொடியன்மார் இஹ்ராமில். துவாய் நழுவிக்கொண்டே இருந்ததால் நான் ஊக்கும் கையுமாக ஓடித் திரிந்தேன். கஃபா இடது பக்கம் இருக்க ஏழு தரம் சுற்ற வேண்டும் என்றதும்தான் இடது வலது தெரியாதவர்கள் அகப்பட்டார்கள். அதையும் அங்கேயே படித்துக்கொண்டார்கள். (மச்சான் இதைக் கணக்குப் பாடத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.) கல்லெறிய எல்லோருக்கும் அவசரம். அரஃபாவில் நிற்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை. அரஃபாதான் ஹஜ் என்று மௌலவி சேர் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தார்.

ஸஃபா, மர்வாவுக்கு இரண்டு மணல் குவியல். ஹாஜர் அம்மா தண்ணீர் தேடி ஏழு தரம் ஓடிய கதையைச் சொன்னேன். "தண்ணி இல்லையெண்டு தெரிஞ்ச பிறகும் ஏன் டீச்சர் ஓடினாங்க?" என்றான் ஒருவன். நான் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் நின்றவள் சொன்னாள்: "புள்ள அழுதுது தானே!"

நோன்பு மாதம் எங்கள் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பது உனக்குத் தெரியும். அதனால் ஃபித்ராவை அதற்கு முந்தியே வகுப்பில் அளந்து பார்த்தோம். ஆளுக்கு ஒரு ஸாஉ கொடுக்க வேண்டும். ஒரு ஸாஉ என்றால் நடுத்தர ஆள் இரு கையும் சேர்த்து நாலு தரம் அள்ளுகிற அளவு, அரிசியில் சுமார் இரண்டரைக் கிலோ. பிள்ளைகள் அள்ளியது அதற்குக் கிட்டவும் வரவில்லை. மௌலவி சேர் அள்ளினார், பிறகு கன்டீன் காக்காவைக் கூப்பிட்டோம். தராசு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறை காட்டியது. இனிமேல் கன்டீன் காக்காவின் கைதான் அளவு என்று வகுப்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது! ஒரு பொடியன் வீட்டுக்குப் போய், தொட்டிலில் கிடக்கிற தம்பியையும் சேர்த்து எத்தனை கிலோ வரும் என்று பெருக்கிச் சொன்னானாம். அவன் உம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

வரும்போது மகனின் பிறப்புச் சான்றிதழை மறக்காமல் எடுத்து வா. அதிபரிடம் நான் பேசி வைக்கிறேன். பேச்சுப் போட்டிக்கு மட்டும் அவன் பெயரைக் கொடுக்க மாட்டேன், மச்சான் பயப்பட வேண்டாம்.

வஸ்ஸலாம்,
உன் ராத்தா